வலிப்பு ஆராய்ச்சிக்கு வர நினைக்கிறீர்களா? முதலில் இ.இ.ஜி. அறையில் போய் உட்காருங்கள்

பத்தொன்பது வருடமாக வலிப்பு நோய் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஜூன் பிறந்தால் எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். "மேடம், எபிலெப்சியில் பிஎச்.டி. பண்ணணும், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது என் சித்தப்பாவால். எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். அவருக்குக் காக்கா வலிப்பு வந்தால் யாராவது ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து கையில் திணிப்பார்கள். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். சாவிதான் அடக்கியது என்று வீடே நம்பியது. பெரும்பாலான வலிப்பு அந்த நேரத்துக்குள் தானாகவே நின்றுவிடும் என்பது கல்லூரியில்தான் எனக்குத் தெரிந்தது. தானாக நிற்கிறது என்றால், நிறுத்துவது எது? இன்று வரை என் ஆராய்ச்சி அந்த ஒரு கேள்விதான். வலிப்பின்போது மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களை அமர்த்துகிறது. அது எந்த அளவுக்கு, எந்த இடத்தில் என்பதைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் நான் முதலில் சொல்வது, ஆய்வகத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அனுமதி கேட்டு, மூன்று மாதம் புறநோயாளிகள் பிரிவிலும், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. அறையிலும் உட்காருங்கள். நேரில் ஒரு வலிப்பைக்கூடப் பார்க்காமல் பிஎச்.டி. முடித்தவர்களை நான் அறிவேன். அவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் எலிக்கு என்ன நேர்ந்தது என்று அழகாகச் சொல்லும் அவர்களால், அது எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடிவதில்லை.

புறநோயாளிகள் பிரிவில் நோயாளியோடு வந்தவரின் பேச்சைக் கவனியுங்கள். நோயாளிக்குப் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது; பார்த்தவர் சொல்வதுதான் சான்று. "முதலில் வலது கை இழுத்ததா, இல்லை முகம் கோணியதா?" "வாயைச் சப்புக்கொட்டினாரா?" "எழுந்த பிறகு பேச எவ்வளவு நேரம் ஆனது?" இந்த மாதிரி கேள்விகளிலிருந்தே மூளையில் எந்த இடத்தில் ஆரம்பித்திருக்கும் என்று மருத்துவர் ஊகிப்பார். ஒரு நோட்டுப் போட்டு, பெயர் எதுவும் குறிக்காமல், வலிப்பின் வரிசையை மட்டும் எழுதிவாருங்கள்.

இ.இ.ஜி. அறையில் உங்கள் குரு டெக்னீஷியன்தான். மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் மின்னலைகளைப் பதிவுசெய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். 1924-இல் பதிவுசெய்து 1929-இல் வெளியிட்டார். இன்றைக்கும் அதே அடிப்படைதான். பசை, மின்முனை, அளவுநாடா, பொறுமை. தலையை அளந்து, தலையளவில் பத்து, இருபது சதவீத இடைவெளி விடும் பத்து-இருபது முறைப்படி மின்முனைகளை வைப்பதை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அப்படி அளக்கப் பழகினால், எந்தக் கோடு மூளையின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். நான் போன இரண்டாம் வாரத்தில் ஏழு வயதுப் பெண்குழந்தை வந்தாள். மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு வாங்கி விடச் சொல்லி, கூடவே எண்ணச் சொன்னார்கள். இருபத்துமூன்றில் நின்றாள். கண் திறந்தே இருந்தது. திரையில் வினாடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையுமாக எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. பத்து வினாடி வலிப்பு. பிறகு இருபத்துநான்கு என்று தொடர்ந்தாள். வகுப்பில் பராக்குப் பார்க்கிறாள் என்று இரண்டு வருடமாக அடி வாங்கியிருக்கிறாள் அந்தக் குழந்தை. பாடப்புத்தகத்தில் இந்த அலையை நூறு முறை பார்த்திருந்தேன். அது என்ன செய்யும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

வலிப்பு அல்லாதது எது என்பதையும் அந்த அறையில்தான் கற்க முடியும். கண் சிமிட்டல், பல் கடிப்பு, தளர்ந்த மின்முனை எல்லாமே வலிப்பு போலத் தெரியும். இதை ஒழுங்காகக் கற்காமல் நான் பட்டது பெரும்பாடு. பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் எலிகளின் பதிவில் ஏகப்பட்ட வலிப்புகளைக் குறித்துவைத்தேன். ஐந்து வாரம் கழித்து வீடியோவோடு சேர்த்துப் பார்த்தால், பாதிக்கு மேல் எலி தன்னைச் சொறிந்துகொண்ட நேரம். அத்தனையும் மறுபடி எண்ணினேன். வீடியோ இல்லாத இ.இ.ஜி. பதிவை என் ஆய்வகத்தில் இப்போது யாரும் எண்ணக் கூடாது. எண்ணுகிறவருக்கு எந்த எலி மருந்து வாங்கியது என்பதும் தெரியக் கூடாது.

சரி, கேள்வி எங்கே கிடைக்கும்? அந்த நோட்டிலிருந்துதான். நம் பக்கத்து ஊர்களிலேயே எவ்வளவோ இருக்கிறது. தலையில் வெந்நீரை ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வலிப்பு வருகிறவர்கள் தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தின் தென்பகுதியில், நிறையப் பேர். பெங்களூருவில் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் டாக்டர் சதீஷ்சந்திராவும் குழுவினரும் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எலிகளில் அதே வலிப்பை வரவைத்து ஆராய ஒரு மாதிரியையே (மாடல்) உருவாக்கினார்கள். பன்றிக்கறி வழியாக வரும் நாடாப்புழுவின் முட்டை கலந்த உணவாலும் நீராலும் மூளையில் கட்டி உண்டாகி வரும் வலிப்பு பற்றி வேலூர் சி.எம்.சி.யில் முக்கியமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பன்றிக்கறி தொடாதவர்களுக்கும் இது வரும். காரணம் தெரிந்த, தடுக்கக்கூடிய வலிப்பு இது. வேறு நாட்டு ஆய்வகம் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிற கேள்வியின் பின்னால் ஓடுவதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்.

கேள்வி கிடைத்த பிறகு, அதை எந்த விலங்கு மாதிரியில் சோதிப்பது என்று பார்க்க வேண்டும். இங்கே அவசரப்படாதீர்கள். லெவிடிரசெட்டம், அதாவது நம் மருந்துக்கடைகளில் லெவிபில் என்று கேட்டு வாங்குகிற வலிப்பு மருந்து, வழக்கமான இரண்டு சோதனைகளிலும் தோற்றுப்போனது. ஆரோக்கியமான எலிக்கு மின்சாரத்தாலோ ரசாயனத்தாலோ வலிப்பு வரவைத்தால் அது தடுக்கவில்லை. ஏற்கெனவே வலிப்பு நோய்க்கு ஆளாக்கப்பட்ட விலங்குகளில் தடுத்தது. அந்த இரண்டு சோதனையோடு நிறுத்தியிருந்தால் இன்று உலகம் முழுக்கக் கொடுக்கப்படுகிற மருந்து குப்பைக்குப் போயிருக்கும். வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு. உங்கள் மாதிரி இரண்டில் எதைக் காட்டுகிறது என்று ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் சோதனையைத் தொடங்காதீர்கள்.

விலங்கின் மூளையை மெல்லியதாக வெட்டி, கரைசலில் உயிரோடு வைத்து ஆராயும் மூளைத் துண்டில் வேலை என்றால் கைப்பழக்கம்தான் எல்லாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகு, முதல் மாதம் கரைசல் மட்டும் தயாரியுங்கள். செயற்கை மூளைத் தண்டுவட நீரில் 95 சதவீதம் ஆக்சிஜன், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவைக் குமிழ விட்டு, அதன் பிறகுதான் கால்சியம் சேர்க்க வேண்டும். முன்னாலேயே சேர்த்தால் கலங்கிவிடும். கலங்கிய கரைசலை வடிகட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மூளையை எடுத்து உறைகுளிர்ந்த கரைசலில் போட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. 400 மைக்ரான் கனத்தில் வெட்டி, துண்டுகளை ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். எல்லோரும் பொறுமை இழப்பது இந்த ஒரு மணி நேரத்தில்தான். அப்புறம் கரைசலில் மக்னீசியத்தை எடுத்துவிட்டால், நரம்பணுவைத் தூண்டும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை அடைத்துக்கொண்டிருந்தது நீங்கி, மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸின் சி.ஏ.3 பகுதியில் நரம்பணுக்கள் கூட்டமாக மின்துடிப்புகளை வெடிக்க ஆரம்பிக்கும். முதல் வெடிப்பு ஸ்பீக்கரில் கேட்ட நாளை நான் மறக்கவில்லை. ஆனாலும் அது ஒரு துண்டுதான். அதற்கு நினைவு தப்பாது, கீழே விழாது. உங்கள் கட்டுரையில் அதை வலிப்பு என்று எழுதாமல், வலிப்பு போன்ற செயல்பாடு என்று எழுதுங்கள்.

கட்டுப்பாட்டுச் சோதனைகளில் சிக்கனம் பார்க்காதீர்கள். 1962-இல் பிரான்ஸின் கிரெனோபிளில் பியேர் எமார் என்ற ஆராய்ச்சி மாணவர் சில புதிய பொருள்களை வால்ப்ரோயிக் அமிலத்தில் கரைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் விலங்குகளில் வலிப்பு தடைபட்டது. கடைசியில் பார்த்தால் வேலை செய்தது கரைப்பான். அதுதான் இன்றைய வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட். கரைப்பானை மட்டும் கொடுத்த ஒரு குழு எப்போதும் இருக்கட்டும்.

எந்த நோயாளிக்காக உழைக்கிறோம் என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டில் குவானும் பிராடியும் வெளியிட்ட கிளாஸ்கோ ஆய்வில், அதற்கு முன் மருந்தே எடுக்காத 470 பேரில் 47 சதவீதத்தினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது, மூன்றாவது மருந்தில் இன்னும் 14 சதவீதம். அதன் பிறகு கணக்கு பெரிதாக நகரவில்லை. மிஞ்சுகிற, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்களுக்காகத்தான் அறுவைசிகிச்சையும், கழுத்திலுள்ள வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டுவதும், புதிய மருந்துத் தேடலும். என் சித்தப்பா அதில் சேர்த்தியில்லை. கார்டினால் மாத்திரை அவருக்கு நன்றாகவே கேட்டது. விரத நாளில் மாத்திரையை விட்டுவிடுவார், அதற்கு அடுத்த நாள் விழுவார். அவரைப் போன்றவருக்குப் புது மூலக்கூறு தேவையில்லை, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் தேவை. அதுவும் ஆராய்ச்சிதான். அதைச் செய்ய விருப்பம் இருந்தால் துண்டு வெட்டக் கற்க வேண்டாம், பொதுச் சுகாதாரம் படியுங்கள்.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாக: பிஎச்.டி. சேர உதவும் தேசியத் தேர்வுகளான சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் இரண்டையும் எழுதிவிடுங்கள். இயற்பியலோ மின்னணுவியலோ படித்தவர்கள் தயங்க வேண்டாம். அலைகளைப் பகுத்தாய ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. ஓரளவு நிரல் எழுதப் பழகிக்கொண்டு வாருங்கள்.

ஆய்வகத்துக்குக் கடிதம் எழுதும்போது உங்கள் மதிப்பெண்களைக் கடைசியில் வையுங்கள். முதல் பத்தியில் நீங்கள் நேரில் பார்த்த ஒரு வலிப்பை எழுதுங்கள். எப்படி ஆரம்பித்தது, எத்தனை வினாடி, எந்தக் கை, முடிந்த பிறகு அவர் முதலில் பேசிய வார்த்தை என்ன. அதன் கீழே, அதில் உங்களுக்குப் புரியாத ஒன்றை எழுதுங்கள்.