தலைவலி, மரமரப்பு, வலிப்பு: நரம்பு சம்பந்தமான ஸ்பானிஷ் வார்த்தைகளைத் தமிழ் வழியா படிக்கிறது எப்படி

எங்க நாத்தனார் பொண்ணுக்கு கியூபாவுல டாக்டருக்குப் படிக்க இடம் கிடைச்சப்போ டர்பன் சாட்ஸ்வொர்த்ல வீடே திருவிழா மாதிரி இருந்துச்சு, ஆனா அவ மட்டும் ராத்திரி தூங்காம உக்காந்திருந்தா, ஏன்னா அங்க க்ளாஸ், வார்டு, பரீட்சை எல்லாமே ஸ்பானிஷ்தான். தென்னாப்பிரிக்காவுல இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், 1996-ல கியூபா டாக்டருங்க இங்க வர ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் நம்ம பிள்ளைங்க மண்டேலா காஸ்ட்ரோ பேர்ல இருக்கிற திட்டத்துல அங்க போறாங்க, முதல்ல மொழி, அப்புறம் மருத்துவம், கடைசிக் கட்டம் திரும்ப இங்க வந்து முடிக்கணும்.

நான் டர்பன்ல நர்ஸா இருக்கேன், கூட வேலை பார்த்த கியூபா டாக்டருங்க கிட்ட இருந்து ஸ்பானிஷ் கத்துக்கிட்டேன். அதனால "மாமி, நீங்களே சொல்லிக்குடுங்க"ன்னு என்கிட்ட வந்துட்டா. அவ கையில ஒரு இங்கிலீஷ் ஸ்பானிஷ் வார்த்தைப் பட்டியல் இருந்துச்சு, மனப்பாடம் பண்ணிக்கிட்டே இருந்தா, மறுநாள் பாதி மறந்து போகும். நான் அந்த நோட்டை மூடி வெச்சிட்டு தமிழ்ல இருந்து ஆரம்பிச்சேன். அந்த வழியைத்தான் இங்க எழுதுறேன், ஸ்பானிஷ் ஒரு எழுத்து கூட தெரியாதவங்களும் வரலாம்.

படி 1: சத்தத்தைத் தமிழ் எழுத்துல பிடிங்க

ஸ்பானிஷ் த, நம்ம த. பல்லுல நாக்கு படணும். இங்கிலீஷ் பழக்கத்துல ட-ன்னு சொல்லாதீங்க. தோலோர்னா வலி, அதுல வர்றது தோசையில வர்ற தோ. ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல த, க, ப ஒத்தையா வந்தா நாம எப்படி மெதுவா சொல்றோமோ, பாதம், பகல் மாதிரி, அவங்களும் அப்படியேதான் சொல்றாங்க, அழுத்தணும்னா நான் இங்க இரட்டிச்சு எழுதுறேன். எழுதுறப்போ வ-வா இருந்தாலும் அவங்க வாயில அது பஸ்ல வர்ற ப. தலைக்கு கபேஸா. ஒத்தைத் தலைவலிக்கு மிக்ராஞா, அந்த ஞா இங்கிலீஷ்காரங்களுக்குத் தகராறு, நமக்கு ஞாயித்துக்கிழமையில வர்ற ஞா. அதே மாதிரி ர வேற ற வேற, பக்கவாதத்துக்குச் சொல்ற தெறாமேன்னு சொல்றப்போ நாக்கு நல்லா உருளணும்.

ஒரே ஒரு இடத்துல தமிழ் நம்மளைக் கவுத்துடும். ந்-க்குப் பின்னாடி வர்ற த-வை நாம பந்து, சந்துன்னு மெதுவாக்கிடுவோம். ஸியென்த்தோன்னா "எனக்கு உணர்ச்சி தெரியுது", அதை ஸியெந்தோன்னு சொன்னீங்கன்னா அது வேற வார்த்தை. இதை மட்டும் கண்ணாடி முன்னாடி நின்னு பழகுங்க.

படி 2: "எனக்கு" தான் சாவி

இங்கிலீஷ்ல நான் ஒரு தலைவலியை வெச்சிருக்கேன்னு சொல்ற மாதிரி வாக்கியம் வரும். தமிழ்ல எனக்குத் தலை வலிக்குது. ஸ்பானிஷ்ல மே துவேலே லா கபேஸா. மே-ன்னா எனக்கு, துவேலே-ன்னா வலிக்குது, லா கபேஸா-ன்னா தலை. பாருங்க, "என் தலை"ன்னு கூட சொல்லல, நம்மள மாதிரியே தலைன்னு விட்டுடறாங்க. இதை அவகிட்ட சொன்னப்போ பேனாவைக் கீழ வெச்சிட்டு "அப்போ ஆயா பேசுற மாதிரியேவா?"ன்னு கேட்டா. ஆமாடி, அதேதான்னேன். (டர்பன் வார்டுல ஜூலு பேசுற அம்மாக்கள் ங்கிபெத்வே யிகாந்தாம்பாங்க, தலை என்னைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம், ஒவ்வொரு மொழியும் வலியை ஒவ்வொரு விதமா சொல்லுது, அதுல ஸ்பானிஷ் நம்ம பக்கம் நிக்குது.)

உனக்கு வலிக்குதான்னா தே துவேலே, உங்களுக்கு வலிக்குதான்னா லே துவேலே. நீ, நீங்க வித்தியாசம் அங்கயும் உண்டு, கியூபாவுல நீ போட்டுப் பேசுறது சகஜம்தான், இருந்தாலும் வயசானவங்க கிட்ட லே-லயே ஆரம்பிங்க. ஒரு சின்ன எச்சரிக்கை, நாம ரெண்டு காலுக்கும் கால் வலிக்குதுன்னுதான் சொல்லுவோம், அங்க பன்மை வந்தா வினையும் மாறும், மே துவேலென் லாஸ் பியேர்னாஸ்.

படி 3: மயக்கம், தலைசுத்தல், இதைப் பிரிச்சுக்கோங்க

இங்கதான் நிறைய தப்பு நடக்கும், நானே பண்ணியிருக்கேன். ஒரு வயசான அம்மா "மயக்கமா இருக்கும்மா"ன்னாங்க, நான் டாக்டர்கிட்ட தெஸ்மாயோன்னு சொல்லிட்டேன். தெஸ்மாயோன்னா நினைவு தப்பி விழுறது. அவர் உடனே எப்போ விழுந்தாங்க, எவ்வளவு நேரம் நினைவில்ல, நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்களான்னு கேள்வியை அந்தப் பக்கம் கொண்டு போயிட்டார், அந்த அம்மா விழவே இல்ல. தமிழ்ல மயக்கமா இருக்குன்னாலும் மயக்கம், மயங்கி விழுந்துட்டாங்கன்னாலும் மயக்கம். அதனால மொழிபெயர்க்கிறதுக்கு முன்னாடி தமிழ்லயே ஒரு தடவை கேட்டுத் தெளிவாக்கிக்கோங்க.

கிறுகிறுன்னு, குமட்டலோட, நிக்க முடியாத மாதிரி இருந்தா மரேயோ. ஆம்பளை எஸ்தோய் மரெயாதோம்பார், பொம்பளை எஸ்தோய் மரெயாதாம்பாங்க. வீடே சுத்துற மாதிரி இருந்தா வேர்த்திகோ, ஆனா நோயாளி அந்த வார்த்தையைச் சொல்றதை விட தோதோ மே தா புவெல்தாஸ்னுதான் சொல்லுவாங்க, எல்லாம் எனக்குச் சுத்துதுன்னு அர்த்தம். நினைவே போயிடுச்சுன்னா பெர்தியோ எல் கோனோஸிமியென்த்தோ.

கியூபாக்காரங்க பேச்சுல கடைசி ஸ் பாதி கேக்காது, நடுவுல வர்ற த-வும் கரைஞ்சு மரெயாதோ மரெயாவோன்னு ஆயிடும். புத்தகத்துல இருக்கிற மாதிரி கேக்கலையேன்னு பயப்படாதீங்க, நாம "வந்துகொண்டிருக்கிறேன்"னு எழுதிட்டு "வந்துட்டிருக்கேன்"னு பேசுற மாதிரிதான்.

படி 4: எறும்பு ஊர்றது

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை. கை கால்ல சுருசுருன்னு இருந்தா நாம எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு சொல்றோம்ல, ஸ்பானிஷ்ல எறும்புக்கு ஓர்மிகா, அந்த உணர்ச்சிக்கு ஓர்மிகேயோ. எழுத்துல முன்னாடி ஒரு ஹ இருக்கும், வாயில வராது. எங்க மாமியார் ஓரமா உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தாங்க, 1860-க்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க வழி வந்த குடும்பம், அவங்க தமிழ் இன்னும் அழியாம இருக்கு. "அவங்க ஊர்லயும் எறும்புதானா"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு அப்புறம் அந்த வார்த்தையை யாரும் மறக்கல.

கை மரத்துப் போச்சுன்னா ஸே மே துர்மியோ லா மானோ, கை எனக்குத் தூங்கிடுச்சுன்னு சொல்ற மாதிரி. உணர்ச்சியே இல்லன்னா நோ ஸியென்த்தோ லா பியேர்னா. கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு இழுத்தா கொறியென்த்தாஸோ, கொறியென்த்தேன்னாலே கரண்ட்தான். எரிச்சலுக்கு ஆர்தோர், ஊசி குத்துற மாதிரின்னா புன்ஸாதா, நடுக்கத்துக்கு தெம்ப்ளோர்.

படி 5: பக்கவாத வார்த்தைங்க, இதுக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்க

வாய் கோணிடுச்சுன்னா ஸே லே தோர்ஸியோ லா போக்கா. கியூபாவுல தோர்ஸியோவுக்குப் பதிலா விரோன்னும் கேப்பீங்க. நாக்கு குளறுதுன்னா ஸே லே என்றேதா லா லெங்குவா, நாக்கு சிக்கிக்குதுன்னு அர்த்தம். கையில பலமில்லன்னா நோ தெங்கோ ஃபுவெர்ஸா என் எல் பிராஸோ. வலது தெரேச்சோ, இடது இஸ்கியேர்தோ, ஆனா தெரேச்சோன்னா நேராங்கிற அர்த்தமும் இருக்கு, அதனால சொல்றப்போ கையாலயும் காட்டுங்க. பார்வை மங்கலா இருந்தா வேயோ பொறோஸோ, ஒண்ணு ரெண்டா தெரிஞ்சா வேயோ தோப்ளே.

பக்கவாதத்துக்கு மக்கள் பேச்சுல தெறாமே ஸெரெப்ரால், தெறாமேன்னா சிந்துறது. பேரைக் கேட்டா மூளையில ரத்தக்கசிவுன்னு தோணும், ஆனா ரத்தக்குழாய் அடைச்சிருந்தாலும் வீட்ல இருக்கிறவங்க அதே வார்த்தையைத்தான் சொல்லுவாங்க. எந்த வகைன்னு ஸ்கேன்தான் சொல்லணும், வார்த்தையை வெச்சு முடிவு பண்ணக்கூடாது. ஸ்பெயின்ல இதுக்கே இக்த்துஸ்னு பேரு.

அமெரிக்காவுல ஸ்பானிஷ் பேசுறவங்களுக்காக றாப்பிதோன்னு ஒரு நினைவுச் சொல் வெச்சிருக்காங்க, வேகமாங்கிற அர்த்தம். முகம் தொங்கறது, தடுமாற்றம், கையில பலம் போறது, திடீர்னு பார்வை கெடுறது, பேச்சு சிரமம், உடனே உதவி கூப்பிடுறது, இந்த ஆறும் அதோட ஒவ்வொரு எழுத்துக்குள்ள அடங்கியிருக்கு. கட்டாயம் தெரியவேண்டிய கேள்வி குவாந்தோ எம்ப்பெஸோ, எப்போ ஆரம்பிச்சது. அடைப்பைக் கரைக்கிற ஊசி வழக்கமா நாலரை மணி நேரத்துக்குள்ள போடுறது, அதனால மத்த எந்த வார்த்தை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

படி 6: ஏமாத்துற வார்த்தைங்க

இன்த்தொக்ஸிக்காதோ. இங்கிலீஷ் தெரிஞ்சவங்க காதுக்கு இது போதையில இருக்கான்னு கேக்கும், கியூபாக்காரங்களுக்கு சாப்பாடோ மருந்தோ ஒத்துக்காம விஷமாயிடுச்சுன்னு அர்த்தம். 1980-ல ஃப்ளோரிடாவுல 18 வயசு கியூபாக் குடும்பத்துப் பையன் ஒருத்தன் நினைவில்லாம ஆஸ்பத்திரிக்கு வந்தான், வீட்ல இந்த வார்த்தையைச் சொன்னாங்க, ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலன்னு நெனச்சு. அங்க போதை மருந்து அதிகமாயிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டு அதுக்கே வைத்தியம் பண்ணாங்க, உண்மையில அவனுக்கு மூளையில ரத்தக்கசிவு. பையன் பிழைச்சான், ஆனா கை கால் நாலும் வராம போச்சு. இதைப் படிச்சதுல இருந்து நான் இங்கிலீஷ் மாதிரி கேக்குற எந்த ஸ்பானிஷ் வார்த்தையையும் சும்மா நம்புறதில்ல, "என்ன ஆச்சுன்னு விவரமா சொல்லுங்க"ன்னு திரும்பக் கேப்பேன்.

அத்தாக்கேயும் அப்படித்தான். ஃபிட்ஸா, நெஞ்சுவலியா, மன உளைச்சல்ல வந்த படபடப்பா, எதுவும் இருக்கலாம். ஃபிட்ஸ்க்குத் தெளிவான சொல் கொன்வுல்ஸியோன். பாதேஸே தே லோஸ் நேர்வியோஸ்னு ஒருத்தர் சொன்னா நரம்பு வியாதின்னு எழுதிடாதீங்க, நம்ம ஊர்ல நரம்புத் தளர்ச்சின்னு எல்லாத்தையும் அதுல போட்டுச் சொல்ற மாதிரி, பெரும்பாலும் மனக்கவலையைத்தான் சொல்றாங்க.

படி 7: தினமும் 20 நிமிஷம், ஆளை வெச்சுப் பழகுங்க

முதல்ல பரிசோதனை பண்றப்போ சொல்ற வாக்கியங்க. கண்ணை மூடுங்க, ஸியெறே லோஸ் ஓஹோஸ். நாக்கை நீட்டுங்க, ஸாக்கே லா லெங்குவா. ரெண்டு கையையும் தூக்குங்க, லெவான்த்தே லோஸ் தோஸ் பிராஸோஸ். என் விரல் போற பக்கமே பாருங்க, ஸீகா மி தேதோ. செஞ்சுக்கிட்டே சொன்னா உடம்பே ஞாபகம் வெச்சுக்கும்.

அப்புறம் வீட்ல ஒருத்தர் நோயாளி. எங்க வீட்ல மாமியார்தான் நோயாளி, அவங்க தமிழ்ல ஒரு தொந்தரவு சொல்லுவாங்க, இவ அதை ஸ்பானிஷ்ல எனக்குச் சொல்லணும். இடுப்பு பிடிச்சுக்கிச்சு, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது, தினமும் புதுசா ஏதாவது வரும், எந்தப் பட்டியல்லயும் இல்லாததெல்லாம் வரும். கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ராத்திரி, "உள்ளங்கால்ல பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குடி"ன்னாங்க. இவ யோசிச்சு, கோமோ ஸி காமினாரா ஸோப்ரே அல்கொதோன்னு சரியா சொல்லிட்டா, அங்கயும் பஞ்சுதான். நான் சபாஷ்னு சொல்ல வாயெடுத்தேன், அவ என்னைப் பார்க்கவே இல்ல. எழுந்து போய் ஆயா காலடியில உக்காந்து செருப்பைக் கழட்டி, உள்ளங்காலை விரலால தொட்டு, "ஆயா, இது தெரியுதா, இங்க?"ன்னு கேட்டா. தெரியலன்னாங்க. பன்னெண்டு வருஷமா சுகர் இருக்கு, கால் இப்படி இருக்கிறதை யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்திருக்காங்க. மறுநாள் காலையில ஏழு மணிக்கெல்லாம் க்ளினிக் வரிசையில நின்னோம், மூணு பேரும்.