வேப் இழுத்து தொண்டை எரியுதா? புதுசா மாட்டினவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

பாரிஸ்லேர்ந்து லீவுக்கு வந்த அத்தை பையன் பையில ஒரு வேப் (பேட்டரில ஓடற இ-சிகரெட்) இருந்துச்சு, பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடில ஆளுக்கு ரெண்டு இழுப்புன்னு ஆரம்பிச்சோம், அவன் ஊருக்குக் கிளம்பறப்ப எங்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டான், அது தீர்ந்ததும் நானே இங்க ஒருத்தர்கிட்ட ரகசியமா வாங்க ஆரம்பிச்சேன். ரெண்டு மாசத்துல காலைல எழுந்தா தொண்டைல மணல் அப்பின மாதிரி இருக்கும், எச்சில் முழுங்கினாலே எரியும், பாவம் அம்மா பனி ஒத்துக்கலன்னு நினைச்சு கஷாயம் வச்சுக் குடுத்தாங்க. இதே மாதிரி இப்ப முழிச்சிட்டு இருக்கறவங்களுக்காகத்தான் எழுதறேன்.

ஸ்டெப் 1: ஏன் எரியுதுன்னு புரிஞ்சுக்குங்க

இதை அவசரப்படாம படிங்க. வேப்ல வர்றது தண்ணி ஆவி இல்ல. லிக்விட்ல பெரும்பாலும் ப்ரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான் இருக்கும், ரெண்டுமே ஈரத்தை உறிஞ்சற சமாச்சாரம், அதனால ஒவ்வொரு இழுப்புக்கும் வாயும் தொண்டையும் காஞ்சு போகுது. நம்ம ஊர்ல கடல் காத்துல சட்டையே பிசுபிசுன்னு ஒட்டுது, ஆனா உள்ள தொண்டை மட்டும் வறண்டு கெடக்கும்.

அடுத்தது நிகோடின். ஐரோப்பால ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல நிகோடின் இருக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. இங்க திருட்டுத்தனமா கைமாறுற பல டப்பாக்கள்ல 5% னு போட்டிருக்கும், அதாவது மில்லிக்கு சுமார் 50 மில்லிகிராம். இவ்வளவு நிகோடினை எப்படி எரிச்சல் தெரியாம இழுக்க முடியுதுன்னா, அதுல அமிலம் சேத்து நிகோடின் சால்ட்டா மாத்திடறாங்க, காரத்தன்மை குறைஞ்சிடறதால தொண்டைல குத்தாது, குத்தாததால நாம இன்னும் நாலு இழுப்பு சேத்து இழுக்கறோம். மிண்ட், ஐஸ் ஃப்ளேவரும் இதே வேலையத்தான் பண்ணுது, மென்தால் குளுகுளுன்னு மரத்துப் போக வச்சு எரிச்சலை மறைச்சிடும், புண்ணு ஆறாது. எரியுதேன்னு ஐஸ் ஃப்ளேவருக்கு மாறினேன், நான் பண்ணதுலயே பெரிய தப்பு அதுதான், நீங்க பண்ணிடாதீங்க.

மூணாவது, திடீர்னு கருகின வாடையோட சுரீர்னு தொண்டையப் புடிக்கும் பாருங்க, அது லிக்விட் தீர்ந்து உள்ள இருக்கற பஞ்சு, சூடாக்கற கம்பிச்சுருளோட சூட்டுல கருகறது. ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் மாதிரி நச்செல்லாம் அப்பத்தான் ரொம்ப அதிகமா வரும். அதுக்கு மேல இன்னொரு இழுப்புகூட வேணாம்.

ஸ்டெப் 2: நிறுத்துங்க, வீட்டை விட்டு வெளியேத்துங்க

கம்மி பண்ணிக்கறேன்னு சொல்றது எனக்கு வேலைக்கே ஆகல. இந்தியால 2019 சட்டப்படி இதை விக்கறது, இறக்குமதி பண்றது, விளம்பரம் பண்றது எல்லாமே தடை, வித்து முதல் தடவை மாட்டினா ஒரு வருஷம் வரை ஜெயில் இல்லன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். நமக்கு இதுல கவலை என்னன்னா, திருட்டுச் சரக்குல உள்ள என்ன ஊத்தியிருக்காங்கன்னு யாருமே சோதிக்கறதில்ல. அமெரிக்கால 2019-20ல வேப்பால நுரையீரல் கெட்டு 2,800 பேருக்கு மேல ஆஸ்பத்திரில சேந்தாங்க, 68 பேர் செத்துப் போனாங்க. அதுக்கு முக்கியமா காட்டின காரணம், பெரும்பாலும் கஞ்சாச் சத்து சேந்த கள்ளச் சரக்குல கலந்த வைட்டமின் இ அசிடேட்.

தூக்கிப் போடும்போது கவனம், உள்ள லித்தியம் பேட்டரி இருக்கு, குப்பையோட சேத்து எரிச்சிடாதீங்க, இ-வேஸ்ட் எடுக்கற இடத்துல குடுங்க. மிச்ச லிக்விடை குழந்தைங்க கைக்கு எட்டற மாதிரி வைக்கவே கூடாது, முழுங்கிட்டா விஷம்.

ஸ்டெப் 3: தொண்டைய ஆத்துங்க

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை டீஸ்பூன் உப்பு, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை கொப்பளிச்சு துப்புங்க. பக்கத்துலயே தண்ணி பாட்டில் வச்சு அடிக்கடி மடக்கு மடக்கா குடிங்க. ராத்திரி பால்ல மஞ்சள், மிளகு, பனங்கற்கண்டு போட்டு இளஞ்சூடா குடிச்சா இதமா இருக்கும். பெரிய மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடைல அதிமதுரம் கேட்டா குடுப்பாங்க, சின்னத் துண்டு வாயில அடக்கிக்கலாம், ஆனா பிபி இருக்கறவங்க தொடவே வேணாம், அது பிபிய ஏத்தும். கொஞ்ச நாளைக்கு காரம், சிகரெட் புகை, கொசுவத்திப் புகை எல்லாத்துலேர்ந்தும் தள்ளியே இருங்க.

ஸ்டெப் 4: ஏக்கம் வரும், அதுக்குத் தயாரா இருங்க

முதல் மூணு நாள்தான் ரொம்பப் படுத்தும், எரிச்சலா வரும், தூக்கம் வராது, அம்மாகிட்டயே கத்தினேன். ஆனா ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிஷம்தான், அதைத் தள்ளிப் போட்டா அடங்கிடும். சாயங்காலம் பீச் ரோட்டுல வண்டிய நிறுத்திடுவாங்கல்ல, அந்த நேரத்துக்கு காந்தி சிலைலேர்ந்து நடக்க ஆரம்பிச்சிடுவேன், அதுதான் என்னைக் காப்பாத்துச்சு.

முடியலன்னா நிகோடின் கம் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. சூயிங் கம் மாதிரி மென்னுட்டே இருந்தா அதுவும் தொண்டைய எரிக்கும், லேசா மென்னு சுருக்குன்னு வந்ததும் கன்னத்துல ஒதுக்கி வைக்கணும். காபி குடிச்ச கையோட போடாதீங்க, கால் மணி நேரம் விடுங்க. 1800 11 2356 இலவச நம்பர், புகையிலைய விடறதுக்கான தேசிய உதவி லைன், கூச்சப்படாம பேசுங்க.

ஸ்டெப் 5: டாக்டர்கிட்ட எப்பப் போகணும்

மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா, சளில ரத்தம் வருதா, உடனே போங்க. காய்ச்சல் இருந்தாலோ சாப்பாடு முழுங்க முடியலன்னாலோ தள்ளிப் போடாதீங்க. குரல் கம்மிப் போய் மூணு வாரம் ஆகியும் சரியாகலன்னா கோரிமேடு ஜிப்மர்ல காது மூக்கு தொண்டை ஓபி இருக்கு, கடலூர்காரங்க ஜிஎச்ல காட்டலாம். அங்க போய் "பனி ஒத்துக்கல சார்"னு மட்டும் சொல்லிடாதீங்க, எத்தனை மாசமா வேப் இழுக்கறீங்க, என்ன ஃப்ளேவர், டப்பால எத்தனை சதவீதம் போட்டிருந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடுங்க, வீட்டுல யாராவது கூட வந்திருந்தா அவங்களைக் கொஞ்சம் வெளில உக்காரச் சொல்லிட்டாவது சொல்லுங்க.