கலிஃபோர்னியாவில் ஏடியு: பெர்மிட்டுக்கு முன் டேப்பை எடுங்கள்

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் தங்கவோ, வாடகைக்கு விடவோ பேக்யார்டில் தனியாக ஒரு சின்ன வீடு, அதாவது ஏடியு (ADU), கட்ட நினைப்பவர்களுக்கான குறிப்பு இது. 2020 முதல் மாநிலச் சட்டம் நம் பக்கம். பொது விசாரணை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நிறுத்த முடியாது. விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த 60 நாளுக்குள் சிட்டி முடிவு சொல்லியாக வேண்டும். அரைகுறைப் படங்களைக் கொடுத்தால் அந்த 60 நாள் தொடங்கவே தொடங்காது.

1. அளவு. 800 சதுர அடி, 16 அடி உயரம், பக்கத்திலும் பின்னாலும் 4 அடி இடைவெளி. இதற்குள் இருந்தால் மனையில் இவ்வளவுதான் கட்டலாம் என்ற உள்ளூர் விகிதத்தைக் காட்டி மறுக்க முடியாது. என் பரிந்துரை 749 சதுர அடி. 750-க்குக் கீழே இருந்தால் இம்பேக்ட் ஃபீ, அதாவது புது வீட்டால் ஊர் வசதிகளுக்கு ஏறும் சுமைக்கான கட்டணம், இல்லை. பள்ளி மாவட்டக் கட்டணம் வேறு கணக்கு. 500-ஐத் தாண்டினால் அது வரும்.

2. எல்லை. வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று எண்ண வேண்டாம். ஆப்களில் தெரியும் கோட்டையும் நம்ப வேண்டாம். லைசென்ஸ் உள்ள சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். டைட்டில் ரிப்போர்ட்டில் (மனையின் உரிமை விவர அறிக்கையில்) ஈஸ்மென்ட், அதாவது உங்கள் மனையில் பிறருக்குள்ள பயன்பாட்டு உரிமை, இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்கம்பிக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ ஒதுக்கிய பட்டை பின்வேலியை ஒட்டி இருந்தால், 4 அடிச் சலுகை அங்கே உதவாது.

3. நாலடியா, ஐந்தடியா? பலரும் சறுக்குவது இங்கேதான். 4 அடி என்பது மனையில் விட வேண்டிய இடைவெளிக்கான விதி. தீப் பாதுகாப்பைச் சொல்லும் கட்டட விதி வேறு. ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானே நீர் தெளிக்கும் அமைப்பு) இல்லாத வீட்டில், எல்லைக்கு 5 அடிக்குள் வரும் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். ஜன்னலும் கதவும் சேர்ந்து அந்தச் சுவரின் பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5 அடிக்குள் நீளும் கூரை விளிம்பின் அடிப்பக்கத்துக்கும் தீத்தடுப்பு கேட்பார்கள். சுவரை 5 அடியில் நிறுத்திவிட்டு விளிம்பை மறந்தால் படத்தைத் திருத்தச் சொல்வார்கள். பழைய வீட்டுக்கும் புதியதற்கும் நடுவே ஒரு கற்பனை எல்லை வைத்து இதே கணக்கைப் போடுவார்கள். மனையில் உள்ள முதன்மை வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயமில்லை என்றால் ஏடியுவுக்கும் கேட்க முடியாது. ஆகவே பெரும்பாலோருக்கு இந்த 5 அடிக் கணக்குத்தான். இடம் இருந்தால் சுவரையும் விளிம்பையும் எல்லையிலிருந்து 5 அடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். தீத்தடுப்புச் சுவருக்கு ஆகும் செலவு மிச்சம்.

4. படங்கள். சைட் பிளான், தரைப் படம், முகப்புப் படங்கள், அஸ்திவாரம், ஸ்ட்ரக்சுரல் கணக்கு, டைட்டில் 24 (மாநில எரிசக்தி விதி) எனர்ஜி ரிப்போர்ட். தனியாக நிற்கும் புது ஏடியுவுக்குப் பெரும்பாலும் சோலாரும் உண்டு. முன்பே அனுமதி பெற்ற பிளான்களுக்கான திட்டம் 2025 முதல் எல்லா ஊரிலும் இருக்க வேண்டும். அவற்றுக்குக் கெடு 30 நாள்தான். ஆனாலும் சைட் பிளான் உங்கள் மனைக்கென்று வரைந்ததாக இருக்க வேண்டும்.

5. மின்சாரம். பழைய வீட்டில் 100 ஆம்ப் பேனல் இருந்தால் முதலில் லோடு கணக்குப் போடுங்கள். ஹீட் பம்ப், இண்டக்‌ஷன், டிரையர் எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலும் 200 ஆம்ப் வேண்டியிருக்கும். மின்நிறுவனத்தின் வரிசை சிட்டி பெர்மிட்டோடு சேராது.  படம் வரையும்போதே அங்கேயும் விண்ணப்பியுங்கள்.

6. திருத்தம். பிளான் செக்கில், அதாவது சிட்டி படங்களைச் சரிபார்க்கும்போது, கேள்வி வராமல் இருப்பது அபூர்வம். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தத் தாளில் என்ன மாற்றினீர்கள் என்று எண் போட்டுப் பதில் கடிதம் இணையுங்கள். படத்தை மட்டும் அனுப்பினால் அதே கேள்வி திரும்பி வரும்.

கராஜை மாற்றுவோருக்கு: இருக்கும் கட்டடத்தை மாற்றினால் 4 அடி இடைவெளி தேவையில்லை, இழந்த கார் நிறுத்தத்துக்கு ஈடும் வேண்டாம். ஆனால் எல்லைக்கு 3 அடிக்குள் இருக்கும் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. படுக்கையறைக்கோ தப்பித்து வெளியேறும் அளவுள்ள ஜன்னல் கட்டாயம். அதன் அடி விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. எனவே படுக்கையறையை முற்றத்தைப் பார்த்து வையுங்கள். குளியலறையும் அலமாரியும் எல்லைச் சுவர்ப் பக்கம் போகட்டும்.