உங்கள் பாட் பற்றி செய்தி வரப்போகிறதா? அதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

ஊட்டிப் பக்கத்தில் பொழுதுபோக்காக நிரல் எழுதும் ஒருவர், வீட்டுக் கேரட் தோட்டத்துக்காக உறைபனி எச்சரிக்கை அனுப்பும் டெலிகிராம் பாட் (தானாகச் செய்தி அனுப்பும் நிரல்) ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரையும் சில உறவினர்களையும் தவிர யாருக்கும் அது தெரியாது. டிசம்பரில் யாரோ அதை விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார். ஆயிரம் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். நிருபர் போன் செய்கிறார். ‘நம்ம ஊர்ப் பையன்’ என்று பொன்னாடை போர்த்தக் கூப்பிடுகிறார்கள். இந்த நேரத்தில் புது வசதி சேர்க்கக் கை பரபரக்கும். சேர்க்காதீர்கள். இருப்பது விழாமல் பார்த்துக்கொள்வதே முதல் வாரத்துக்குப் போதுமான வேலை.

முதல் வேலை டோக்கன், அதாவது பாட்டை இயக்கும் ரகசியச் சாவி. நிரல் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் பொதுவில் இருந்தால், செய்தி வந்ததும் பலர் அதைத் திறந்து பார்ப்பார்கள். பாட் டோக்கனை எப்போதாவது நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தால், இப்போது அந்த வரியை அழிப்பதால் பயனில்லை. பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அது அப்படியே இருக்கும். பாட்களை உருவாக்கித் தரும் டெலிகிராமின் பாட்ஃபாதரிடம் போய் டோக்கனை ரிவோக் (ரத்து) செய்யுங்கள், பழைய டோக்கன் அப்போதே செல்லாமல் போகும். புதியதை நிரலுக்கு வெளியே, பாட் ஓடும் சர்வரின் சூழல் மாறியில் (environment variable) வையுங்கள். கையோடு ஓர் உரிமக் கோப்பும் சேர்த்துவிடுங்கள். உரிமம் எதுவும் இல்லாத நிரலை மற்றவர்கள் எடுத்தாள சட்டப்படி அனுமதி கிடையாது. கல்லூரி மாணவர்கள் கேட்கும்போது தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட யாரும் எடுத்தாளலாம் என்று அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தின் இருபது சொச்சம் வரிகளை ஒட்டிவிடுவது சுலபம்.

அடுத்தது, வானிலைத் தரவு எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு. ஓப்பன் மீட்டியோ போன்ற சேவைகள் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு நாளொன்றுக்கு 10,000 அழைப்பு (தரவு கேட்டு நிரல் அனுப்பும் கோரிக்கை) வரை இலவசமாகத் தருகின்றன. ஒவ்வொருவர் பட்டனை அழுத்தும்போதும் ஓர் அழைப்பு போகிறபடி எழுதியிருந்தால், ஆயிரம் பேர் ஆளுக்குப் பத்து முறை அழுத்தினாலே தீர்ந்தது. அதற்குப் பதிலாக ஊர்ப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 40 ஊர், மணிக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு 960 அழைப்புதான். வந்த விடையை எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் சேமித்து, யார் கேட்டாலும் அங்கிருந்தே கொடுங்கள். ஆயிரம் பேர் பத்தாயிரம் ஆனாலும் இந்த 960 மாறாது. ஜிபிஎஸ் இருப்பிடம் கேட்காமல் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு: யாருடைய தோட்டம் எங்கே என்ற தகவல் உங்களிடம் இருக்கவே இருக்காது. போன் நம்பரும் வேண்டாம். டெலிகிராம் ஒவ்வோர் உரையாடலுக்கும் தரும் சாட் எண்ணும் ஊர்ப் பெயரும் போதும்.

அனுப்பும் வேகத்தையும் பாருங்கள். டெலிகிராமில் ஒரு பாட் பலருக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 30 செய்திகள் அனுப்பலாம். 20-ல் நிறுத்திக்கொண்டால் 1,500 பேருக்கு 75 நொடி. பனி அதற்குள் விழுந்துவிடாது. 429 என்ற பிழை (வேக வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்) வந்தால், எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதையும் அதே பதிலில் சொல்வார்கள். காத்திருங்கள், உடனே மறுபடி தட்டினால் இன்னும் தள்ளிப்போகும். 403 வந்தால் பெரும்பாலும் அந்த ஆள் பாட்டை பிளாக் செய்துவிட்டார், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் நேரம். வாடகைச் சர்வர்கள் பொதுவாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். மாலை 6 மணி எச்சரிக்கைக்கு கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓடவிடும் வசதி) 18 என்று எழுதினால் அது நம்மூரில் இரவு 11.30-க்குப் போய்ச் சேரும். பயிரைக் காக்க ஸ்பிரிங்க்ளரைத் தயார் செய்ய வேண்டியவர் அதற்குள் தூங்கியிருப்பார். எழுத வேண்டியது 12.30. பாட்டை வீட்டில் ‘ராஸ்பெர்ரி பை’ என்ற சிறு கணினியில் ஓடவிட்டிருந்தால் அதையும் இப்போதே வாடகைச் சர்வருக்கு மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டும் கேபிளும் ஒன்றாகப் போகும் மலை இது.

இனி, பாட் சொல்வது சரியா என்ற கேள்வி. பேர் கெடுவதும் நிலைப்பதும் இங்கேதான். முன்னறிவிப்பு மாதிரிகள் (வானிலையைக் கணிக்கும் கணினி நிரல்கள்) தருவது தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக் காற்றின் வெப்பநிலை. மேகமில்லாத, காற்றசையாத இரவில் புல்லின் மேல் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். அதனால் கணினி மாதிரி 3 டிகிரி என்று சொன்ன இரவிலும் கேரட் இலை வெளுத்து நிற்கலாம். எச்சரிக்கைக்கான எல்லையை 0 என்று வைத்தால் பல உறைபனி இரவுகளைத் தவறவிடுவீர்கள். தொடக்கத்துக்கு 4 டிகிரியும் அதற்குக் கீழும், காற்று மணிக்கு 5 கிலோமீட்டருக்குள், மேகம் 30 சதவீதத்துக்குள் என்று மூன்று நிபந்தனையையும் சேர்த்து வையுங்கள். பிறகு உங்கள் ஊருக்கேற்ப நகர்த்தலாம்.

மலையில் இன்னொரு சிக்கல். உயரம் கூடக் கூடக் குளிரும் என்ற பொதுக்கணக்கில், 100 மீட்டருக்குச் சுமார் 0.65 டிகிரி என்று பல சேவைகள் தாமாகவே திருத்தம் செய்கின்றன. பகலில் அது பெரும்பாலும் பொருந்தும். உறைபனி இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. 2,637 மீட்டர் தொட்டபெட்டா உச்சியைவிடக் கீழே இருக்கும், ஊட்டிக்கு அருகிலுள்ள தலைகுந்தா வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். ஆகவே ஊர்ப் பட்டியலில் ஒவ்வோர் ஊருக்கும் ‘பள்ளம்’, ‘சரிவு’, ‘மேடு’ என்று ஒரு குறிப்பு சேர்த்து, பள்ளத்துக்கு வெப்பநிலை எல்லையை ஒரு டிகிரி கூட்டுங்கள். உள்ளூர்க்காரர் மட்டுமே சேர்க்கக்கூடிய தகவல் இது. உங்கள் பாட்டுக்கு உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது.

அனுப்பிய ஒவ்வோர் எச்சரிக்கையையும் ஊர், நேரம், அப்போதைய மூன்று எண்கள் (வெப்பநிலை, காற்று, மேகம்) ஆகியவற்றோடு பதிந்து வையுங்கள். காலை 7 மணிக்கு ‘உங்கள் தோட்டத்தில் பனி இருந்ததா?’ என்று ஆம், இல்லை பட்டன்களோடு கேளுங்கள். புகாரும் இதில் குறையும். ‘வேலை செய்யல’ என்று மட்டும் வருகிற செய்திக்கு மூன்றே கேள்வி: எந்த ஊர், எத்தனை மணிக்கு, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா.

நிருபர் கூப்பிட்டால் வாயால் விளக்குவதோடு நிறுத்தாமல் ஐந்து வரிக் குறிப்பொன்றை அனுப்பிவிடுங்கள்: பாட் என்ன செய்கிறது, தரவு யாருடையது, எந்த ஊர்களுக்கு, எதைச் சொல்லாது, உங்கள் பெயர் எழுத்துப் பிசகாமல். சொந்த போன் நம்பரை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘எத்தனை சதவீதம் துல்லியம்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். பதிவிலுள்ள எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்: இத்தனை இரவு எச்சரித்தது, அதில் இத்தனை இரவு பனி, எச்சரிக்காமல் தவறவிட்டது இத்தனை. மூன்றாவது எண்ணை மறைத்தால் மற்ற இரண்டுக்கும் அர்த்தமில்லை. கணக்கு சேரும் முன்பே கேட்டால் ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்பதே நேர்மையான பதில்.

அரசுச் சேவை என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வதும் நடக்கும். ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் ‘இது தனிநபர் முயற்சி, அதிகாரப்பூர்வ அறிவிப்புக்கு இந்திய வானிலை ஆய்வு மையத்தைப் பாருங்கள்’ என்று ஒரு வரி இருக்கட்டும். அரசின் சிங்க முத்திரையை முகப்புப் படத்தில் வைப்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பிறகு உரக்கடைக்காரர் விளம்பரம் போடக் கேட்பார். சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் விளம்பரம் வந்தால் அது வணிகப் பயன்பாடு, இலவசத் தரவுக்கான அனுமதி போய்விடும். கட்டணத் திட்டத்துக்கு மாறத் தயாரென்றால் மட்டும் சரி சொல்லுங்கள். டெலிகிராம் இல்லாதவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லியும் கேட்பார்கள். தமிழில் ஒரு எஸ்எம்எஸ் 70 குறியீடுதான், ‘பனி’ என்பதே மூன்று. மொத்தமாக அனுப்ப, தொலைபேசி நிறுவனங்களிடம் செய்யும் டிஎல்டி பதிவும் வேண்டும். இந்தப் பருவத்துக்கு அதை விட்டுவிடலாம்.

பாராட்டு விழாவில் செயல்விளக்கம் கேட்டால் நேரலையை நம்பாதீர்கள். மண்டபத்துக்குள் சிக்னல் இருக்காது. ஸ்கிரீன்ஷாட்டுகளை போனில் எடுத்துக்கொண்டு போங்கள். விழா கோயம்புத்தூரில் என்றால், கிளம்பும் முன் நம்பகமான ஒருவருக்குச் சர்வரைத் திறக்கும் வழியையும், பாட்டை நிறுத்தித் திரும்ப ஓடவிடும் இரண்டு கட்டளைகளையும் எழுதிக் கொடுத்து, உங்கள் முன்னாலேயே ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.