நாய்க் குடலில் மாங்கொட்டை: போதனா கால்நடை மருத்துவமனையில் அறுவை செய்யும் முறை

சித்திரை, வைகாசி வந்தால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ஓ.பி.யில் மாங்கொட்டை விழுங்கிய நாய்கள் வரத் தொடங்கிவிடும். வெளிநாட்டுப் பாடநூல்களில் ரப்பர் பந்தும் சாக்ஸும் படமாக இருக்கும். நமக்கு மாங்கொட்டையும் ஆட்டெலும்பும். குடலைத் திறந்து பொருளை எடுக்கும் என்டரோட்டமி, சர்ஜரி துறையில் சேர்ந்த எம்.வி.எஸ்.சி. (கால்நடை மருத்துவ முதுகலை) மாணவருக்கு ஆரம்பத்திலேயே தரப்படும் வயிற்று அறுவைகளில் ஒன்று. திறந்து எடுப்பது சுலபம். தைத்த இடம் மூன்றாம் நாள் விட்டுப்போவதில்தான் நாயை இழக்கிறோம். அதனால் இந்தக் குறிப்பில் தையலுக்கும் அதற்குப் பிந்தைய நாட்களுக்கும் இடம் அதிகம்.

ஓ.பி.யில்

“கொட்டை ஏதாவது முழுங்குச்சா?” என்று கேட்டால் “இல்லையே டாக்டர்” என்றுதான் பதில் வரும். வீட்டில் இந்த வாரம் யார் மாம்பழம் சாப்பிட்டார்கள், குப்பைக்கூடை எங்கே இருக்கிறது, மூடி உண்டா என்று கேளுங்கள். குழந்தைகள் கூட வந்திருந்தால் அவர்களிடம் தனியாகக் கேளுங்கள். “தண்ணி குடிச்சாக்கூட உடனே கக்குது” என்றால் அடைப்பு இரைப்பை வாயிலிலோ (இரைப்பை குடலோடு சேரும் இடம்) முன்குடலிலோ (சிறுகுடலின் தொடக்கம்) இருக்கலாம். கீழே போகப் போக வாந்தி தாமதமாகவும் நாற்றத்தோடும் வரும். கொஞ்சம் பேதியாகப் போகிறது என்பதற்காக அடைப்பு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இங்கே வருமுன் வெளியே என்ன ஊசி போட்டார்கள் என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். மெட்டோகுளோப்ரமைடு குடலைத் தள்ளவைக்கும். முழு அடைப்பில் அது கூடாது. ஒண்டான்செட்ரான் போட்டிருந்தால் வாந்தி நின்றிருக்கும், அடைப்பு அப்படியே இருக்கும்.

எக்ஸ்ரேயில் மாங்கொட்டை எலும்பு மாதிரி பளிச்சென்று தெரியாது. கொட்டையைத் தேடாமல் வீங்கிய குடலைத் தேடுங்கள். பெரிதாகத் தெரியும் சிறுகுடல் வளையத்தின் விட்டத்தை 5ஆம் இடுப்பு முள்ளெலும்பின் உடல் உயரத்தோடு ஒப்பிட்டால், 1.6 மடங்கைத் தாண்டும்போது அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். வலது பக்கவாட்டுப் படம் மட்டும் போதாது. இடது பக்கம் படுக்கவைத்து எடுத்தால் காற்று இரைப்பை வாயில் பக்கம் ஏறி அங்கிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வளைந்த வெள்ளைக் கோடும் அதன் கீழ் அழுத்தமான கருநிழலும் தெரியும்.

பிறகு நீரிழப்பைக் கணக்கிடுங்கள். 20 கிலோ நாய்க்கு 8 சதவீதம் என்றால் 1,600 மி.லி. பற்றாக்குறை. அதிர்ச்சி நிலையில் இருந்தால் முதலில் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. ரிங்கர் லாக்டேட்டை 15 நிமிடத்தில் ஏற்றி, நாடித்துடிப்பையும் ஈறின் நிறத்தையும் மறுபடி பாருங்கள். இரைப்பை வாயில் அடைப்பில் குளோரைடும் பொட்டாசியமும் போயிருக்கும், அங்கே 0.9 சதவீத சலைனோடு பொட்டாசியம் குளோரைடு. வேகம் ஒரு மணி நேரத்துக்குக் கிலோவுக்கு 0.5 மி.ஈ.க்யூ.வை (பொட்டாசியத்தை அளக்கும் அலகு, mEq) தாண்டக் கூடாது. தொங்கும் பாட்டிலில் ஊசியால் ஏற்றிவிட்டு அப்படியே விட்டால் பொட்டாசியம் அடியில் தங்கி மொத்தமாக இதயத்துக்குப் போகும். கழற்றி, பலமுறை கவிழ்த்துக் கலக்கிய பிறகே மாட்டுங்கள்.

ரத்தத்தில் அல்புமின் (ஒரு புரதம்) டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழே இருந்தாலோ, வயிற்றறையில் ஏற்கெனவே சீழ் அழற்சி இருந்தாலோ தையல் விடும் வாய்ப்பு கூடுகிறது. அதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும். மேற்பார்வையில் மாணவரும் கை வைப்பார் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

போதனா மருத்துவமனைக்கே உரிய ஒரு சபலம் உண்டு: “நாளைக்குக் காலை லிஸ்ட்டில் போடலாம், பசங்க எல்லாரும் பார்ப்பாங்க.” முழு அடைப்பை அப்படி ஒத்திப்போடக் கூடாது. நீர் ஏற்றி நிலைப்படுத்த எடுக்கும் சில மணி நேரம்தான் அனுமதி.

தியேட்டரில்

அடைப்புள்ள நாய் மயக்கத்தில் கக்கி நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்ளும். மூச்சுக்குழாய்க்குள் குழாயைப் போட்டு, அதன் கஃபை (குழாயைச் சுற்றிய காற்றுப்பையை) ஊதும்வரை தலை உயர்ந்தே இருக்கட்டும், சக்‌ஷன் கைக்கெட்டும் இடத்தில் ஓடட்டும். நைட்ரஸ் ஆக்சைடு வேண்டாம். வீங்கிய குடலை அது இன்னும் ஊதும். ஆன்டிபயாட்டிக்காக செபாசோலின் கிலோவுக்கு 22 மி.கி. வீதம், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள். அறுவை நீண்டால் 90 நிமிடத்துக்கு ஒருமுறை.

கை கழுவும் முன்பே யார் எதைச் செய்வது என்று பிரித்துவிடுங்கள். வயிற்றைத் திறப்பது, குடலை உருவிப் பார்ப்பது, வயிற்றுச் சுவரை மூடுவது ஆகியவற்றை மாணவருக்குத் தரலாம். குடல் தையலைத் தருவதற்கு முன் அவர் கறிக்கடையில் வாங்கிய ஆட்டுக்குடலில் தைத்து, நீலச்சாயம் கலந்த தண்ணீரை ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்த்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய குடலில் கற்கக்கூடியதை உயிருள்ள நாயிடம் கற்பது நியாயமில்லை.

வயிற்றைத் தாராளமாகத் திறங்கள். கொட்டை கிடைத்ததும் வெட்டத் தோன்றும். பொறுத்து, இரைப்பையிலிருந்து பெருங்குடல்வரை விரலால் உருவிப் பாருங்கள். ஒன்று விழுங்கிய நாய் இரண்டும் விழுங்கியிருக்கும். முன்குடலில் மாட்டியிருப்பதை மெதுவாக இரைப்பைக்குத் திருப்பித் தள்ள முடிந்தால் இரைப்பையைத் திறந்தே எடுக்கலாம். அது குடலைவிட நன்றாக ஆறும். பெருங்குடலுக்குப் போய்விட்டதைத் தொட வேண்டாம், தானே வெளியேறும்.

குடலைத்தான் திறக்க வேண்டுமென்றால் அந்த வளையத்தை மட்டும் வெளியே எடுத்து, ஈரமான துணித்திண்டுகளால் சுற்றுங்கள். திண்டுகளை எண்ணி, எண்ணிக்கையைப் பலகையில் எழுதவையுங்கள். உள்ளிருப்பதை இருபக்கமும் வழித்துவிட்டு, உதவியாளர் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் குடலைப் பிடிக்கட்டும். வெட்டு கொட்டைக்குச் சற்றுக் கீழ்ப்பக்கம் (பெருங்குடல் பக்கம்), குடல்தாங்கி (குடலுக்கு ரத்தக்குழாய்களைக் கொண்டுவரும் சவ்வு) ஒட்டாத ஓரத்தில், நல்ல திசுவில் இருக்க வேண்டும். கொட்டைக்கு நேர் மேலே இருக்கும் சுவர் பல நாள் அழுந்தி நைந்திருக்கும். கொட்டைக்கு இரைப்பைப் பக்கம் உள்ள குடல் வீங்கி மெலிந்திருக்கும். இரண்டிலும் தையல் பிடிக்காது.

மாங்கொட்டை தட்டையானது, நார் உள்ளது. நார் உட்சவ்வில் ஒட்டியிருக்கும்போது உலர்வாக இழுத்தால் சவ்வும் சேர்ந்து வரும். வெட்டின் வழியே கொஞ்சம் சலைனை விட்டு, கொட்டையின் ஒடுங்கிய முனை முன்னே வரும்படி திருப்பி, அல்லிஸ் ஃபோர்செப்ஸால் பிடித்து நகர்த்துங்கள். வரவில்லையென்றால் வெட்டை ஓரிரு மில்லிமீட்டர் நீட்டுங்கள். கிழிந்த ஓரத்தைவிட வெட்டிய ஓரம் நன்றாகச் சேரும்.

கொட்டை வெளியே வந்ததும் ஊதா நிறத்தில் இருக்கும் குடலைப் பார்த்து மாணவர்கள் பதறுவார்கள். வெதுவெதுப்பான சலைனில் நனைத்த திண்டால் மூடி 5 முதல் 10 நிமிடம் காத்திருங்கள். பெரும்பாலும் இளஞ்சிவப்பு திரும்பும். லேசாகக் கிள்ளினால் சுருங்குகிறதா, குடல்தாங்கியின் சிறு தமனிகள் துடிக்கின்றனவா, சுவர் விரலுக்குக் காகிதம் போல மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சாம்பலோ கறுப்போ ஆகித் துடிப்பும் இல்லையென்றால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு முனைகளை இணைக்க வேண்டியதுதான்.

தையல் ஒரே அடுக்கு போதும். 3-0 அல்லது 4-0 அளவில் பாலிடயாக்சனோன் (மெல்லக் கரையும் செயற்கை நூல்), உருண்டை உடல் ஊசி (வெட்டும் ஓரம் இல்லாதது). கேட்கட் (விலங்குக் குடலிலிருந்து செய்யும் நூல்) மலிவு, ஸ்டோரில் எப்போதும் இருக்கும். குடலில் அதைப் பயன்படுத்த வேண்டாம், சீக்கிரம் வலுவிழக்கும். ஓரத்திலிருந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் தள்ளி, அதே இடைவெளியில் போடுங்கள். தாங்குவது சப்மியூக்கோசா அடுக்கு (உட்சவ்வுக்கு அடுத்துள்ள உறுதியான அடுக்கு). உட்சவ்வு வெளியே பிதுங்கி மறைப்பதால் புதியவர்களின் ஊசி வெளியடுக்கை மட்டும் பிடித்துவிட்டுப் போகும். பிதுங்கியதைக் கத்தரித்துவிட்டுத் தையுங்கள். முடிச்சை ஓரங்கள் தொடும் அளவுக்கு இறுக்கினால் போதும். வெளுக்கும் அளவுக்கு இறுக்கினால் அந்த இடம் செத்து மூன்றாம் நாள் திறக்கும்.

கசிவுச் சோதனைக்கு அளவு உண்டு. சுமார் 10 செ.மீ. நீளத்தை விரலால் அடைத்தால் 16 முதல் 19 மி.லி. சலைன், டோயன் கிளாம்ப் (குடலை நசுக்காமல் பிடிக்கும் இடுக்கி) போட்டால் 12 முதல் 15 மி.லி. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல தையலும் கசியும், தேவையில்லாமல் இன்னும் நான்கு தையல் போடுவீர்கள். கசியவில்லையென்றால் ஒமென்டத்தை (வயிற்றறையில் தொங்கும் கொழுப்புச் சவ்வை) சுற்றிப் போர்த்துங்கள்.

இனிமேல் அழுக்கான கருவி எதுவும் வயிற்றுக்குள் போகக் கூடாது. கையுறை மாற்றி, வேறு தட்டை எடுத்து, வெதுவெதுப்பான சலைனால் கழுவி, கழுவிய அத்தனையையும் உறிஞ்சி வெளியேற்றுங்கள். திண்டு எண்ணிக்கை சரியாக வராமல் மூட வேண்டாம்.

வார்டில்

வாந்தி இல்லையென்றால் அன்றே தண்ணீர், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் குழைந்த சோறும் எலும்பில்லாத கோழியும், சிறுசிறு அளவாக நாளைக்கு நான்கு முறை. ஐந்து நாள் பட்டினி போடும் பழைய வழக்கம் குடலைப் பலவீனப்படுத்தும். வலிக்கு புப்ரினார்ஃபின் கிலோவுக்கு 0.01 முதல் 0.02 மி.கி. உடலின் நீர்நிலை சரியாகும்வரை மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணியைத் தள்ளிவையுங்கள்.

3ஆம் நாள் முதல் 5ஆம் நாள்வரைதான் கண்காணிப்பு. நாய் நன்றாக இருக்கிறது என்று 2ஆம் நாளே வீட்டுக்கு அனுப்பினால், தையல் விடும் நேரத்தில் அது உங்கள் கண்ணில் படாது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் திடீரென்று மூலையில் சுருண்டாலோ, மறுபடி கக்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிற்றைத் தொட்டால் முனகினாலோ ஸ்கேன் பார்த்து ஊசியால் நீர் எடுங்கள். எந்த வயிற்றறுவைக்குப் பிறகும் அந்த நீரில் நியூட்ரோபில்கள் (கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள்) இருக்கும், அதைக் கண்டு மிரள வேண்டாம். அந்தச் செல்லுக்குள்ளே பாக்டீரியா இருந்தால் அன்றே மறுபடி திறக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்கை மாற்றிப் பார்த்து ஒரு நாளைக் கடத்தினால் பிறகு திறந்தும் பயனிருக்காது. இரவுப் பணியில் இருக்கும் இன்டர்னிடம் இதை வாயால் சொன்னால் போதாது. “இந்த அறிகுறி வந்தால் எந்நேரமும் அழைக்கவும்” என்று கேஸ் ஷீட்டின் மேலேயே பெரிதாக எழுதிவையுங்கள்.

தோல் தையலை 10 முதல் 14 நாளில் பிரிக்கலாம். அதுவரை கழுத்துக் கூம்பு, ஓட்டம் கூடாது, எலும்பு கூடாது. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மூடியுள்ள குப்பைக்கூடை வாங்கவும் என்றும் ஒரு வரி சேருங்கள். ஆனி முடியும்வரை மாம்பழம் கிடைக்கும், அதே நாய் அதற்குள் இன்னொரு கொட்டையோடு வந்துவிடும்.