மெழுகுத்துணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியின் மீது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பூசி உலர்த்தியதே பழைய மெழுகுத்துணி. இன்று மேசை விரிப்பாகவும் கைப்பையாகவும் அலமாரித் தட்டு விரிப்பாகவும் விற்பவற்றில் பெரும்பாலானவை பருத்தியின் மேல் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் படலம் ஏற்றியவை. மேலே பிளாஸ்டிக், அடியில் பருத்தி என்பதை மறந்து, முழுக்கத் துணி என்றோ முழுக்க பிளாஸ்டிக் என்றோ நினைத்துக்கொள்வதால்தான் அது விரைவில் பாழாகிறது.

வெப்பத்தை முதலில் சொல்ல வேண்டும். வளைந்து கொடுப்பதற்காக மென்மையாக்கிகள் என்னும் வேதிப்பொருள்கள் கலந்த பி.வி.சி. 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே இளகத் தொடங்குவதால், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரைப் பிரிமணை இல்லாமல் வைத்தால் அதன் அடிவட்டம் அப்படியே பதிந்துவிடும். பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது. மடிப்புத் தடத்தைப் போக்க மேற்பரப்பில் இஸ்திரிப் பெட்டியை வைப்பதும் இதே தவறுதான். மடிக்காமல் குழாயில் சுருட்டி வைத்தால் அந்தத் தடமே விழாது.

தைக்கும்போது குண்டூசி குத்தக் கூடாது. சாதாரணத் துணியில் இழைகள் விலகி மீண்டும் சேர்ந்துகொள்ளும். இந்தப் படலத்தில் விழுந்த துளை மூடாது. ஆகவே ஓரங்களைக் கிளிப்பால் பிடித்துக்கொள்வதே சரி. தையலை நெருக்கமாகப் போட்டால் உறுதியாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது தபால்தலையின் ஓரத்தைப் போலத் துளையிட்டு, கிழிவதற்கு வழி செய்து கொடுக்கும். தையல் நீளம் 3.5 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். இயந்திரத்தின் பாதம் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், ஒட்டாமல் வழுக்கும் டெஃப்ளான் பாதத்தை மாட்டலாம். இல்லையென்றால் மேலே மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுக்கலாம்.

தைத்த பையோ விரிப்போ நீரை முழுவதும் தடுக்கும் என்று நம்புவதும் பிழை. ஊசித் துளை வழியாகவும் வெட்டிய ஓரத்தின் வழியாகவும் அடிப்பருத்தி நீரை உறிஞ்சும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மேற்புறம் பளபளக்க, அடியில் பூஞ்சை பிடிக்கும். வாஷிங் மெஷினில் போடாமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, இருபுறமும் உலர விடுவதே போதும். மஞ்சள் கறையை உடனே துடைக்க வேண்டும். கறை போகவில்லையே என்று தின்னர் ஊற்றினால் அச்சிட்ட பூவும் சேர்ந்து அழியும்.

கைக்குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள்களை எந்த மெழுகுத்துணியிலும் தைத்துவிடக் கூடாது. சில வகை மென்மையாக்கிகளையும் ஈயத்தையும் குழந்தைப் பொருள்களில் கட்டுப்படுத்தி அமெரிக்கா 2008இல் சட்டமே இயற்றியது.

பழைய முறையில் வீட்டிலேயே ஆளிவிதை எண்ணெய் பூசிப் பார்ப்பவர்கள், எண்ணெய் துடைத்த கந்தலைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்துவிடக் கூடாது. உலரும்போது அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து சூடாவதால், குவிந்து கிடக்கும் கந்தல் தானாகவே தீப்பற்றக்கூடும். அதை வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்த வேண்டும், அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.