சாஃப்ட்வேர் சின்த்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் வீட்டு அறையிலேயே பாட்டு பதிவு செய்கிறவர்கள் இப்போது நிறைய. ஆடிக்கு அம்மன் பாட்டு, கிறிஸ்துமஸுக்கு சர்ச் பாட்டு, குறும்படத்துக்குப் பின்னணி இசை என்று காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரை யாராவது ஒருவர் லேப்டாப்பும் சின்ன மிடி கீபோர்டும் வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒலியை உருவாக்கும் சாஃப்ட்வேர் சின்த்களைப் பற்றி (சீரம், வைட்டல், டீவா எல்லாம் அவற்றின் பெயர்கள்) இவர்கள் பேச்சில் அடிக்கடி காதில் விழுவது, "சீரம் சவுண்டு கனமா இருக்கு, வைட்டல் மெல்லிசா இருக்கு, டீவா போட்டா லேப்டாப் திணறுது" என்கிற மாதிரி தீர்ப்புகள். அதை நம்பிக் காசு போடுகிறார்கள், கையில் இருக்கிற நல்ல சின்த்தை ஒதுக்கியும் விடுகிறார்கள். எப்படி ஒப்பிட்டீர்கள் என்று விசாரித்தால், இந்தப் பக்கம் ஒரு பிரீசெட் (தயாராக அமைத்து வைத்த ஒலி), அந்தப் பக்கம் ஒரு பிரீசெட், அவ்வளவுதான்.

முதலில் சத்த அளவு. இதைச் சரி செய்யாமல் எந்த ஒப்பீடும் செல்லாது. ஒரு சின்த் மற்றதைவிட ஒரு டெசிபல் கூடுதலாக வந்தாலே போதும், "சத்தம் அதிகம்" என்று நம் காது சொல்லாது, "நிறைவாக இருக்கிறது, பேஸ் நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். ஒலி கூடக் கூட, கீழ் அதிர்வெண்கள் நம் காதுக்கு இன்னும் எடுப்பாகக் கேட்கும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் இரண்டு டிராக்கிலும் காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கும் ஒரு எல்யூஎஃப்எஸ் மீட்டரைப் போட்டு, ஒரே மிடி கிளிப்பை (எந்த ஸ்வரம் எப்போது என்ற பதிவை) ஓடவிட்டு, அளவு ஒன்றாகும்வரை ஃபேடரை இழுத்துச் சரிசெய்யுங்கள். உச்ச அளவை மட்டும் காட்டுகிற பீக் மீட்டர் இதற்கு உதவாது, இரண்டின் பீக் ஒன்றாக இருந்தும் ஒன்று சத்தமாகக் கேட்கலாம். அப்புறம், எது எந்த டிராக் என்று உங்களுக்குத் தெரியாதபடி நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கியதுதான் நல்லது என்று மனசு முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கும்.

அடுத்தது பிரீசெட். விற்பனைக்கு வருகிற பிரீசெட்களில் பாதி அழகு ரிவெர்ப், கோரஸ், டிலே, கம்ப்ரஸர் தருவது. அவற்றை அணைத்துவிட்டு, இரண்டிலும் இனிட் பேட்சிலிருந்து (எதுவும் சேர்க்காத வெறும் அமைப்பிலிருந்து) தொடங்குங்கள்: ஒரு சா அலை (ரம்பப்பல் வடிவ அலை), மேல் அதிர்வெண்களை வெட்டுகிற ஒரு லோ-பாஸ் ஃபில்டர், ஒலி எழுந்து அடங்குகிற விதத்தை அமைக்கிற ஒரு என்வலப். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. ஒன்றில் கட்ஆஃப் குமிழ் (ஃபில்டர் எந்த அதிர்வெண்ணில் வெட்டத் தொடங்க வேண்டும் என்று வைப்பது) பாதியில் இருக்கிறது என்பதற்காக இன்னொன்றிலும் பாதியில் வைத்தால் அது சமம் ஆகாது, ஒவ்வொரு சின்த்திலும் குமிழின் அளவுகோல் வேறு. ஒன்றில் பாதி என்பது 600 ஹெர்ட்ஸாக இருக்கலாம், இன்னொன்றில் 1,500ஆக இருக்கலாம். எண்ணைப் பார்க்காமல் காதையும் ஸ்பெக்ட்ரம் அனலைசரையும் வைத்துப் பொருத்த வேண்டும். அட்டாக் (ஒலி எழும்), ரிலீஸ் (விரலை எடுத்தபின் அடங்கும்) நேரங்களுக்கும் இதே கதைதான். அதையெல்லாம் பொருத்திய பிறகும் மிஞ்சுகிற வித்தியாசம்தான் அந்த சின்த்தின் சொந்தக் குணம். ரெசனன்ஸை (கட்ஆஃப் அருகில் ஒலியைத் தூக்கிக் காட்டுவதை) ஏற்றும்போது ஃபில்டர் எப்படி நடந்துகொள்கிறது என்பதில் அது நன்றாகத் தெரியும், டீவாவுக்கு வந்த பேர் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

சிலர் நல் டெஸ்ட் செய்து பார்க்கிறார்கள். ஒன்றின் ஃபேஸைத் திருப்பி மற்றதோடு கூட்டினால் மௌனம் வர வேண்டும், வராவிட்டால் இரண்டும் வேறு என்று வாதம். ஆனால் பல சின்த்களில் ஆசிலேட்டர் (அலையை உருவாக்கும் பகுதி) ஒவ்வொரு முறையும் வேறு ஃபேஸில் தொடங்கும், அனலாக் மாதிரி செய்தவற்றில் சுருதி லேசாக அசைந்துகொண்டே இருக்கும். ஒரே சின்த்தை இரண்டு முறை பதிவு செய்தாலும் மௌனம் வராது. இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

உண்மையில் கேட்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்பதில்லை, அது ஏலியாசிங். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு 44,100 அளவுகள்) வேலை செய்தால், அதில் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடமில்லை. சின்த் அதைக் கவனமாக வடிகட்டாவிட்டால் 30 கிலோஹெர்ட்ஸில் வர வேண்டிய ஓர் ஹார்மோனிக் (ஸ்வரத்தோடு சேர்ந்து வரும் மேல் அதிர்வெண்) மடங்கி 14.1 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும், அது நீங்கள் வாசிக்கிற சுருதிக்குச் சம்பந்தமே இல்லாத ஒலி. சோதிப்பது எளிது. எஃபெக்ட் எதுவும் இல்லாமல் ஒரு சா அலையை மேல் ஸ்தாயியில் பிடித்து, பிட்ச் பெண்டை மெதுவாக மேலே ஏற்றுங்கள். சுருதி ஏறும்போது பின்னால் எதுவோ கீழே இறங்கினால் அதுதான் ஏலியாசிங். ஓர் அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை அசைத்து உருவாக்குகிற எஃப்எம் ஒலிகளிலும் டிஸ்டார்ஷனிலும் இது இன்னும் அதிகம். ஆனால் தீர்ப்பு சொல்வதற்கு முன் ஓவர்சாம்ப்ளிங் (உள்ளே பல மடங்கு சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவது) எத்தனை மடங்கில் இருக்கிறது என்று பாருங்கள். சீரமில் அது 4 மடங்கு வரை, வைட்டலில் 8 மடங்கு வரை போகும். ஒன்றை 1 மடங்கிலும் மற்றதை 4 மடங்கிலும் வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

நம் ஊர் வேலைக்கு இன்னொன்று முக்கியம், கமகம். பிட்ச் பெண்டை வைத்து ஒரு சங்கதி வாசித்துவிட்டு, "இந்த சின்த்தில் வழுக்கல் சரியில்லை" என்பார்கள். பெண்ட் எல்லை ஒன்றில் 2 ஸ்வரத்தானமாகவும் மற்றதில் 12ஆகவும் இருந்திருக்கும். மிடியில் பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் உண்டு. ஆனால் மலிவான கீபோர்டின் சக்கரம் அத்தனையையும் அனுப்பாமல் தாவித் தாவி அனுப்பலாம், அந்தக் குறை சின்த்தின் தலையில் விழக்கூடாது. வளைவை மௌஸால் வரைந்து இரண்டுக்கும் அதையே கொடுங்கள்.

தனியாகக் கேட்டு முடிவு செய்வதும் தவறு. தனியாக அறையையே நிரப்புகிற பேஸ், பம்பையும் உடுக்கையும் வந்ததும் காணாமல் போகும். மெல்லிசு என்று ஒதுக்கிய ஒலி அங்கே கச்சிதமாக உட்காரும். உங்கள் பாட்டுக்குள் வைத்துக் கேளுங்கள்.

இனி வேகம். "டாஸ்க் மேனேஜரில் 15 சதவீதம்தான் காட்டுது, ஆனா டப் டப்னு வெடிக்குது" என்று புகார் சொல்பவர்களுக்கு: டாஸ்க் மேனேஜர் காட்டுவது எல்லா கோர்களின் சராசரி. ஒரு டிராக்கில் இருக்கிற சின்த் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும், 8 கோர் இருந்தால் அந்த ஒன்று முழுசாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதம்தான். பஃபர் (ஒரு தடவையில் கணக்கிடுகிற சாம்பிள்கள்) 128, சாம்பிள் ரேட் 44,100 என்றால் ஒவ்வொரு 2.9 மில்லிசெகண்டுக்குள்ளும் கணக்கு முடிய வேண்டும், ஒரு தடவை தவறினால் வெடிச்சத்தம். சராசரியைவிட மிக மோசமான அந்த ஒரு கணம்தான் கணக்கு. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரில் ஆர்டி சிபியு (நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ஒலிக் கணக்கின் சுமை) என்ற எண்ணைப் பாருங்கள். டிராக்கை ரெக்கார்டுக்குத் தயாராக வைத்து நேரடியாக வாசித்தும் பாருங்கள், ஏனென்றால் பதிவான மிடியை ரீப்பர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும், கையால் வாசிக்கும்போது அதற்கு அந்த வசதி கிடையாது.

ஒரே பிரீசெட் பேர் இருந்தாலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றல்ல. 4 ஸ்வர கார்டுக்கு யூனிசன் (ஒரே ஸ்வரத்தைப் பல குரல்களாக அடுக்குவது) 7 என்றால் 28 குரல், இரண்டு ஆசிலேட்டர் என்றால் 56. ரிலீஸ் நீளமாக இருந்தால் முந்தைய கார்டும் சாகாமல் ஓடிக்கொண்டிருக்கும். குரல் எண்ணிக்கையைச் சமமாக்காமல் "இது சிபியுவைத் தின்கிறது" என்று சொல்லாதீர்கள். டீவாவில் டிராஃப்ட், ஃபாஸ்ட், கிரேட், டிவைன் என்று நான்கு தரம் உண்டு, டிவைனில் வைத்து அளந்துவிட்டு இலவசமான சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்த்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. வைட்டலின் ஜன்னல் திறந்திருந்தால் அதன் அசையும் படங்களுக்கும் வேலை நடக்கும், மூடிவிட்டு அளங்கள்.

லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, பவர் மோடை உயர் திறனில் வைத்து, இரண்டையும் ஒரே நாளில் ஒரே அறையில் அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். வேலூர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது சூடேறிய பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஏசியில் காலையில் அளந்த எண் மத்தியானம் பொருந்தாது. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினாலும் அப்படித்தான்.

வீட்டுப் பதிவுக்கு மட்டும் என்றால் சிபியுவுக்காக நல்ல ஒலியை விட்டுக்கொடுக்காதீர்கள், டிராக்கை ஃப்ரீஸ் செய்தால் (ஆடியோவாக மாற்றி வைத்தால்) சுமை போய்விடும். மேடை வேறு. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கப் போகிறீர்கள் என்றால், மேடையில் வைக்கப் போகிற அதே பஃபர், அதே ஆடியோ இன்டர்ஃபேஸ், அதே முழு செட்லிஸ்ட்டோடு முந்தின வாரமே மத்தியான வெயிலில் ஃபேன் மட்டும் போட்டு ஓடவிட்டு, வெடிக்காத சின்த்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.